கல்லறைக் குரலும் ஒலிநாடாக் குரலும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



சென்ற வாரம் இதே இடத்தில் நாம் பேசி முடித்ததும் ஒரு நண்பர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "மூடநம்பிக்கை, மூடநம்பிக்கை என்று நம் ஜனங்களையே வைது கொண்டிருக்கிறீர்களே, இதெல்லாம் படிப்பில்லாததால் வந்த வினைதானே? சீமையைப் போல் படிப்பும் யந்திரமும் பெருகிவிட்டால் தானாகப் போய்விடாதா? அங்கே ஒரு கொலை நடந்தால் போலீசார் ரத்தத்தையும் ரேகையையும் வைத்தல்லவா ஆளைப் பிடிக்கிறார்கள்; மை போட்டா பார்க்கிறார்கள்?" என்றார். நல்ல கேள்விதான். அன்றைக்கு நேரமாகிவிட்டபடியால் பதில் சொல்லாமல் போனோம். இன்று சொல்லுகிறோம். பதிலாக நாம் எடுத்துக் கொண்டிருப்பது அந்தச் சீமையிலேயே நடந்த ஒரு வழக்கு. சர்க்கார் ரிப்போர்ட்டிலும் கோர்ட்டு நடவடிக்கையிலும் ஏறிய சங்கதிகளைத்தான் சொல்லப் போகிறோம்.

இங்கிலாந்துக்கு வடபாகத்தில் யார்க்ஷைர் என்று ஒரு பிரதேசம். லீட்ஸ், பிராட்ஃபோர்டு, ஹாலிஃபாக்ஸ் என்பவை அங்குள்ள கம்பளி ஆலை ஊர்கள். அந்தப் பிரதேசத்து ஊர்களிலும் பக்கத்து மான்செஸ்டரிலுமாக 1975-ஆம் வருஷம் முதல் 1980 வரை 13 பெண்கள் கொலை செய்யப்பட்டார்கள். இன்னும் 7 பேர் சாவின் வாயிலிலிருந்து பிழைத்தார்கள். பின்னாலிருந்து வந்து சுத்தியலால் மண்டையில் அடிப்பது, பிறகு கத்தியால் குத்துவது, இதுதான் அவன் முறை. செய்தவன் பீட்டர் சட்கிளிஃப் என்ற லாரி டிரைவர். பிராட்ஃபோர்டில் சொந்த வீடு, பெண்சாதி, ஒழுங்கான உத்தியோகம் எல்லாம் உள்ளவன். ஐந்து வருஷம் போலீசார் தேடினார்கள். அந்த ஐந்து வருஷத்தில் அவனையே ஒன்பது தடவை நேரில் கண்டு விசாரித்தார்கள். ஒன்பது தடவையும் "சரி, போய் வா" என்று விட்டுவிட்டார்கள்.

இது எப்படி நடந்தது? அந்தப் போலீசார் சோம்பேறிகளா? லஞ்சம் வாங்கினார்களா? இரண்டும் இல்லை. ராப்பகலாக உழைத்தார்கள். வேலையில் குறைவில்லை. பின் எதில் குறைவு என்பதுதான் இன்றைய விஷயம்.

முதலாவது கொலை 1975 அக்டோபர் 30-இல் லீட்ஸில். செத்தவள் நான்கு குழந்தைகளுக்குத் தாய். அவளும் அவளுக்குப் பின் செத்தவர்களில் சிலரும் வறுமையினால் உடலை விற்றுப் பிழைத்தவர்கள், அல்லது அப்படிப்பட்டவர்கள் என்று போலீசார் எழுதிக் கொண்டவர்கள். உடனே கேசுக்கு ஒரு பெயர் வைத்தாகிவிட்டது. 'இவன் வேசிகளைக் கொல்லுகிறவன்' என்று. பத்திரிகைக்காரர்களும் ஊர்ப் பெரிய மனிதர்களும் இதைக் கேட்டு அதிகமாகக் கலங்கிவிடவில்லை. 1977 ஜூன் மாதத்தில் ஒரு கடையில் வேலை செய்துவந்த 16 வயதுப் பெண், இரவில் வீட்டுக்கு நடந்து போகையில் கொல்லப்பட்டாள். அப்போதுதான் ஊர் துடித்தது. 'முதன் முதலாக ஒரு குற்றமற்ற பெண்' என்று எழுதினார்கள். தோழர்களே! அந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். இவள் குற்றமற்றவள் என்றால் இவளுக்கு முன்னே செத்தவர்கள் என்ன குற்றம் செய்து செத்தார்கள்? சுத்தியலால் அடித்தவனுக்கு அல்லவா குற்றம்? 1979-இல் ஓர் உயர்ந்த போலீசு அதிகாரி, இவன் விலைமாதரை வெறுக்கிறவன், அனேகர் அப்படி வெறுக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் இப்போது குற்றமற்ற பெண்களையும் கொல்லுகிறானே என்று கொலைகாரனுக்கே அறிக்கை விட்டார். முன்னே செய்தது பாதி நியாயம், இப்போது செய்வதுதான் அநியாயம் என்பது போலல்லவா இருக்கிறது இது?

இது வெறும் வாய்ப்பேச்சாகப் போயிருந்தாலும் பாதகமில்லை. துப்பறிவதையே இது கெடுத்தது. எப்படியென்றால், 1975 ஆகஸ்டு மாதத்தில், அதாவது முதல் கொலைக்கு இரண்டு மாதம் முன்பாகவே, ஒரு கிராமத்தில் 14 வயதுச் சிறுமியை ஒருவன் பாதையில் பேச்சுக் கொடுத்துக் கூடவே நடந்துவந்து பின்னாலிருந்து மண்டையில் அடித்தான். அவள் பிழைத்தாள். அவனோடு பேசிக் கொண்டே நடந்தவளாதலால் முகம், தாடி, தலைமயிர், பேச்சு எல்லாம் அடையாளம் சொன்னாள். அவள் சொன்னபடி எழுதிய படம் பின்னால் பிடிபட்ட ஆளுக்கு அப்படியே பொருந்துகிறது. அந்தப் படத்தை வைத்துக் கொண்டு என்ன செய்தார்கள்? இந்தக் கேசோடு சேர்க்கவேயில்லை. ஏனெனில் இது வேசிகளைக் கொல்லுகிறவன் கேசு. அவளோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை. 1992-இல் சட்கிளிஃபே அதைத் தான் செய்ததாக ஒப்புக்கொண்டான். 1976-இல் லீட்ஸில் கர்ப்பிணியாயிருந்த ஒரு கருப்பு இனப் பெண் அடிபட்டு வயிற்றுப் பிள்ளையை இழந்தாள். அவளும் அடையாளம் சொன்னாள். அவள் சொல்லுக்கும் உரிய மதிப்புக் கொடுக்கப்படவில்லை. பிழைத்த பெண்களில் சிலர், அவன் பேச்சு இந்தப் பக்கத்துப் பேச்சுத்தான் என்று தெளிவாகச் சொன்னார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்; கொஞ்ச நேரத்தில் வேண்டியிருக்கும்.

'சீமையில் அப்படி, நமக்கென்ன' என்று எண்ணிவிட வேண்டாம். அதே வெள்ளைக்காரர்கள் 1872-இல் நமக்கு எழுதிக் கொடுத்த சாட்சியச் சட்டத்தில், பலாத்காரம் செய்யப்பட்ட பெண் கூண்டில் ஏறினால், அவள் பொதுவாக நடத்தை கெட்டவள் என்று காட்டி அவள் சாட்சியத்தைத் தள்ளப் பார்க்கலாம் என்று 155-ஆவது பிரிவில் ஒரு வழி வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரர் போய் அரை நூற்றாண்டுக்கு மேலும் அதை நாம் பத்திரமாக வைத்துக் கொண்டிருந்தோம். 2002-இல் திருத்தச் சட்டம் வந்துதான் அது போயிற்று. நிற்க.

கொலைகள் பெருகப் பெருக, பெண்கள் இரவில் தனியே வெளியில் வரக்கூடாது என்று போலீசார் எச்சரித்தார்கள். ஆலையிலும் ஆஸ்பத்திரியிலும் ராத்திரி வேலை செய்கிற பெண் எப்படி வராமலிருப்பாள்? 1977 நவம்பர் 12-ந் தேதி இரவு லீட்ஸிலும் இன்னும் பல நகரங்களிலும் பெண்கள் பந்தம் பிடித்துக் கொண்டு தெருவில் ஊர்வலம் போனார்கள். கொலை செய்கிறவன் ஆணாயிருக்க, வீட்டுக்குள் அடைந்திருக்க வேண்டியவர்கள் பெண்களா, ஊரடங்குச் சட்டத்தை ஆண்களுக்குப் போட்டால் என்ன என்பது அவர்கள் வாதம். இதற்குப் பதில் சொன்னவர் எவரும் இல்லை. இன்றைக்கு நம் கூட்டத்திலும் யாராவது பதில் சொல்லலாம், காத்திருக்கிறோம்.

இனி, போலீசார் கைக்கு வந்து நழுவிய நல்ல துப்பு ஒன்றைச் சொல்லுகிறோம். 1977 அக்டோபரில் மான்செஸ்டரில் ஒரு பெண் கொல்லப்பட்டாள். அவள் கைப்பையின் உள்ளறையில் ஒரு புத்தம் புதிய ஐந்து பவுன் நோட்டு அகப்பட்டது. அதன் நம்பரை வைத்து, அது யார்க்ஷைரில் பிராட்ஃபோர்டுப் பக்கத்து பாங்கியிலிருந்து அந்த வாரம் சம்பளப் பணமாகப் போன கட்டில் உள்ளது என்று கண்டுபிடித்தார்கள். கெட்டிக்காரத்தனமான வேலை, தாராளமாகப் பாராட்டலாம். அந்தப் பணம் போயிருக்கக் கூடிய தொழிலாளிகள் சுமார் 8,000 பேர். மூன்று மாதத்தில் சுமார் 5,000 பேரை வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். அதில் சட்கிளிஃபும் ஒருவன். 'அந்த இரவு வீட்டில் இருந்தேன். இன்னோர் இரவு புது வீடு குடி வந்ததற்கு விருந்து நடந்தது' என்றான். அவன் பெண்சாதியும் தாயாரும் ஆமென்றார்கள். முடிந்தது. 1980-இல் மறுபடியும் அந்த நோட்டைப் பற்றிச் சோதனை செய்து, சுமார் 240 பேருக்குள் ஒருவன்தான் என்கிற அளவுக்கு வட்டத்தைச் சுருக்கினார்கள். அந்த 240-க்குள்ளும் அவன் இருந்தான். அப்போதும் விட்டார்கள். இதற்கிடையில் அவன் மோட்டார் வண்டி விலைமாதர் தெருக்களில் பல ஊர்களில் பல தடவை சுற்றியதும் குறித்துவைக்கப்பட்டிருந்தது.

குறித்ததெல்லாம் எங்கே போயிற்று? லீட்ஸில் மில்கார்த் என்ற போலீசு ஸ்டேஷனில் இந்தக் கேசுக்கென்று ஓர் அறை. கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் சீட்டுத்தான். சீட்டுகளின் பாரம் தாங்காமல் தளத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டியிருந்ததாம். ஒரே ஆசாமியைப் பற்றி நோட்டு விசாரணைச் சீட்டு ஒரு பெட்டியில், வண்டிச் சீட்டு ஒரு பெட்டியில், அடையாளச் சீட்டு இன்னொரு பெட்டியில். ஒன்றை ஒன்று பார்த்ததேயில்லை. அவனை விசாரிக்கப் போகிற கான்ஸ்டேபிளுக்கு, முன்னே ஐந்தாறு பேர் இவனை விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பதே தெரியாது. நம்மூர்த் தாலுக்கா கச்சேரியில் மனுக் கொடுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் சீட்டுக் குழப்பம் ஒரு பாதிதான். மறுபாதி இப்போது சொல்லப் போவது.

1978 மார்ச்சில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று தேடுதலின் தலைமை அதிகாரி ஜார்ஜ் ஓல்ட்பீல்டுக்கு, ஒன்று ஒரு பத்திரிகைக்கு. 'நானே கொலைகாரன்' என்று எழுதி, 1888-இல் லண்டனில் பெண்களைக் கொன்று பிடிபடாமலே போன ஒருவனுக்கு வழங்கிய 'ஜாக்' என்ற பெயரில் கையெழுத்து. அடுத்த வருஷம் மார்ச்சில் இன்னொரு கடிதம். 1979 ஜூனில் ஓர் ஒலிநாடா. அதில் ஒருவன் நிறுத்தி நிறுத்தி, ஓல்ட்பீல்டைப் பெயர் சொல்லி அழைத்து, உம்மால் என்னைப் பிடிக்க முடியவில்லையே என்று ஏளனம் செய்தான். வெளியூர் முத்திரை, சண்டர்லாண்டு என்னும் வடகிழக்குக் கடற்கரை ஊர். பேச்சும் அந்தச் சீமைப் பேச்சு. திருநெல்வேலிக்காரர் வாய்திறந்தால் கோயமுத்தூர்க்காரருக்குத் தெரிந்துவிடுவது போல, அந்தப் பேச்சை யாரும் தவறவிட மாட்டார்கள்.

ஓல்ட்பீல்டு அந்தக் குரலை நம்பிவிட்டார். ஏன் நம்பினார் என்றால் அவரும் ஒரு காரணம் வைத்திருந்தார். பிரஸ்டன் என்ற ஊரில் 1975-இல் செத்த ஒரு பெண்ணையும் தானே கொன்றதாகக் கடிதக்காரன் எழுதியிருந்தான். கடித உறையை ஒட்டிய எச்சிலைச் சோதித்ததில், நூற்றுக்குச் சிலருக்கே உள்ள ரத்த வகை. அந்தப் பிரஸ்டன் கொலைகாரனுக்கும் அதே வகை. இது சயின்சு அல்லவா என்று கேட்கலாம். சயின்சுதான். ஆனால் அந்தச் சயின்சு சொன்னது, இருவருக்கும் ஒரே ரத்த வகை என்ற அவ்வளவே. மற்றதெல்லாம் இவர்கள் சேர்த்துக் கொண்டது. பிரஸ்டன் கொலைக்கும் இவற்றுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற செய்தி, கடிதம் வருவதற்கு முன்னமே பத்திரிகைகளில் வந்திருந்தது. கடிதத்தில் இருந்தவையெல்லாம் பத்திரிகை படித்த எவனும் எழுதக் கூடியவை. நடையும் 1888-ஆம் வருஷத்துக் கடிதங்களைப் பார்த்து எழுதியது என்று, சண்டர்லாண்டுப் பக்கத்துப் போலீசு இன்ஸ்பெக்டர் ஒருவர் அந்த வருஷமே வரி வரியாகக் காட்டினார். குரலை ஆராய்ந்து இன்ன ஊர் என்று சொன்ன லீட்ஸ் பல்கலைக் கழக மொழிப் பண்டிதர்களே, இது ஏமாற்றாக இருக்கலாம் என்று எச்சரித்தார்கள். எல்லாவற்றையும் விட வேடிக்கை, 1979 செப்டம்பரில் அந்தப் புரட்டன் தானே போலீசுக்கு டெலிபோன் செய்து, அந்த ஒலிநாடா பொய் என்று சொன்னான். பொய் சொன்னபோது நம்பியவர்கள், அவன் நிஜம் சொன்னபோது நம்பவில்லை!

நம்பாததோடு நிற்கவில்லை. பத்து லட்சம் பவுன் அளவுக்கு விளம்பரம் செய்து, அந்தக் குரலைச் சாராயக் கடைகளிலும் ரேடியோவிலும் ஒலிக்க வைத்தார்கள். டெலிபோனில் ஒரு நம்பரைச் சுழற்றினால் யாரும் கேட்கலாம். நம்மூரில் அசரீரி என்பார்களே, அந்தத் தினுசு. அதன்பிறகு ஓர் உத்தரவும் பிறந்தது. வடகிழக்குப் பேச்சுப் பேசாதவனைச் சந்தேகப் பட்டியலிலிருந்து தள்ளிவிடலாம் என்று. அதாவது, அடிபட்டுப் பிழைத்த பெண்கள் 'அவன் உள்ளூர்ப் பேச்சுக்காரன்' என்று ரத்தம் சிந்திச் சொன்ன சாட்சியம் ஒரு பக்கம். முகம் தெரியாத ஒருவன் தபாலில் அனுப்பிய நாடா ஒரு பக்கம். நாடாதான் ஜெயித்தது.

1979 ஜூலையில் இரண்டு போலீசார் சட்கிளிஃப் வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவருக்கு அவன்மேல் பலத்த சந்தேகம். பிழைத்த ஒரு பெண் சொன்ன அடையாளப் படத்தைப் போலவே முகம்; கொலைகாரனுக்கு இருக்கலாம் என்று கண்டிருந்தபடியே மேல்பல் நடுவே இடைவெளி. எல்லாவற்றையும் எழுதி மேலதிகாரிக்குக் கொடுத்தார். கையெழுத்துக் கடிதத்தோடு ஒக்கவில்லை, பேச்சும் வடகிழக்குப் பேச்சு அல்ல என்று அந்த ரிப்போர்ட்டு பைலுக்குள் போய்விட்டது. அதற்குப் பின் மூன்று பெண்கள் கொல்லப்பட்டார்கள். 1979 செப்டம்பரில் பிராட்ஃபோர்டில் ஒரு மாணவி. 1980 ஆகஸ்டில் லீட்ஸுக்குப் பக்கத்தில் சர்க்கார் உத்தியோகம் பார்த்த ஒரு மாது. நவம்பரில் லீட்ஸில் இன்னொரு மாணவி. அந்த நவம்பரில் சட்கிளிஃபின் சொந்த சிநேகிதன் ஒருவனே அவன் பெயரைச் சொல்லிப் போலீசுக்குக் கடிதம் எழுதி, மறுநாள் ஸ்டேஷனுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். கடிதத்தின் மேல் 'முதல் அவசரம்' என்று குறித்தார்கள். குறித்த பிறகு அது தட்டில் கிடந்தது.

கடைசியில் பிடித்தவர்கள் யார்? அந்தப் பெரிய தேடுதல் கூட்டத்தில் ஒருவரும் அல்ல. 1981 ஜனவரி 2-ந் தேதி இரவு ஷெஃபீல்டு நகரத்தில் சர்ஜெண்டு ராபர்ட் ரிங் என்பவரும் கான்ஸ்டேபிள் ராபர்ட் ஹைட்ஸ் என்பவரும் வழக்கமான ரோந்து போனார்கள். ஓரிடத்தில் ஒரு பெண்ணோடு வண்டியில் உட்கார்ந்திருந்தவனைக் கண்டு, வண்டி நம்பரைச் சரி பார்த்தார்கள். நம்பர் பலகை திருட்டுப் பலகை. கைது செய்தார்கள். சிறுநீர் கழிக்க வேண்டுமென்று அவன் ஓரமாகப் போய் வந்ததையும் அனுமதித்திருந்தார்கள். மறுநாள் இரவு சர்ஜெண்டுக்கு அது உறுத்தியது. திரும்ப அந்த இடத்துக்கே போய் விளக்கடித்துப் பார்த்தார். எண்ணெய்த் தொட்டிக்குப் பின்னால் சுத்தியலும் கத்தியும் கிடந்தன. ஜனவரி 4-ந் தேதி அவன் ஒப்புக்கொண்டான். அவன் பேச்சு அசல் யார்க்ஷைர்ப் பேச்சு.

இனிக் கோர்ட்டுக்கு வருவோம். இரண்டாவது குரல் இங்கேதான் வருகிறது. முதலில் போலீசாரிடம் ஒப்புக் கொண்டபோது, ஒரு விலைமாது பணத்தில் தன்னை ஏமாற்றிவிட்டதால் வந்த கோபம் என்றுதான் சட்கிளிஃப் சொன்னான். கடவுள் என்ற பேச்சே அதில் கிடையாது. சிறைக்குப் போய்ச் சில வாரமானபின் டாக்டர்களிடம் வேறு சொன்னான். வாலிபத்தில் பிங்லி என்ற ஊர்ச் சுடுகாட்டில் குழி வெட்டும் வேலை பார்த்தபோது, போலந்துக்காரர் ஒருவர் கல்லறையின் சிலுவைக் கல்லிலிருந்து கடவுளின் குரல் கேட்டதாம். பிறகு அந்தக் குரலே விலைமாதரைக் கொல்லும்படி கட்டளையிட்டதாம். டாக்டர்கள் இது மனநோய் என்றார்கள். கொலைக் குற்றத்தைக் குறைத்துக் கொள்ளச் சர்க்கார் வக்கீலும் எதிர் வக்கீலும் சம்மதித்துவிட்டார்கள். ஜஸ்டிஸ் போர்ஹாம் என்ற நீதிபதி சம்மதிக்கவில்லை. டாக்டர்களின் அபிப்பிராயத்துக்கு ஆதாரம் இவன் சொன்ன சொல்தானே, அந்தச் சொல் மெய்தானா என்பதை ஜூரிகள் விசாரிக்கட்டும் என்றார். இந்தக் கேசு முழுவதிலும் 'குரலை முதலில் சோதிப்போம்' என்று சொன்ன பெரிய உத்தியோகஸ்தர் இவரே.

சோதித்தார்கள். பைத்தியம் என்று நம்ப வைத்துவிட்டால் பத்து வருஷத்தோடு தப்பலாம் என்று அவன் பெண்சாதியிடம் சொன்னதைக் கேட்டதாக ஒரு சிறைக் காவலர் சாட்சி சொன்னார். விலைமாதரைக் கொல்லுவதே கடவுள் கட்டளையானால், மாணவியையும் குமாஸ்தாப் பெண்ணையும் கொன்றது எந்தக் கட்டளையின்படி என்ற கேள்விக்கும் அவனால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. 1981 மே 22-இல் ஜூரிகள் 10-க்கு 2 என்ற கணக்கில் கொலைக் குற்றவாளியே என்றார்கள். ஆயுள் தண்டனை.

அவனுக்கு நோய் மெய்யாகவே இருந்ததா என்பது டாக்டர்கள் தீர்க்க வேண்டிய சங்கதி. 1984-இல் அவனை மனநோய் ஆஸ்பத்திரிக்கு மாற்றத்தான் செய்தார்கள். நமது கேள்வி வேறு. அந்தக் கோர்ட்டிலேயே சர்க்கார் தலைமை வக்கீல் எழுந்து, செத்தவர்களில் சிலர் விலைமாதர், ஆனால் இதில் மிகவும் துக்கமான பாகம் சிலர் அப்படியல்ல என்பதே என்று பேசினார். கல்லறைக் குரல் பெண்களை இரண்டு ஜாதியாகப் பிரித்தது பைத்தியம் என்றால், அங்கியும் பொய்மயிரும் போட்டுக் கொண்டு பிரித்தால் அது என்ன? கோர்ட்டுக்கு வெளியே விலைமாதர் சங்கத்துப் பெண்கள் கூடி நின்று இதைத்தான் கேட்டார்கள்.

விசாரணையில் நடந்த பிழைகளை லாரன்ஸ் பைஃபர்டு என்ற அதிகாரி ஆராய்ந்து 1981 டிசம்பரில் சர்க்காருக்கு ரிப்போர்ட்டு கொடுத்தார். நாம் மேலே சொன்னவற்றில் பெரும்பாகம் அதில் உள்ளது. சர்க்கார் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி 2006-இல்தான் வெளியிட்டது. ஒன்று மட்டும் காலத்தோடு செய்தார்கள். சீட்டுக்குப் பதில் பெரிய கேசுகளுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் முறையை அந்தப் பத்தாண்டுக்குள் ஏற்படுத்தினார்கள். ஒலிநாடாப் புரட்டனை 2005-இல் பிடித்தார்கள்; அந்தப் பழைய உறையில் ஒட்டியிருந்த எச்சிலைக் கொண்டே, டி.என்.ஏ. சோதனையால். எட்டு வருஷம் தண்டனை. பிரஸ்டன் பெண்ணைக் கொன்றவன் இவர்கள் இருவருமல்லாத மூன்றாமவன், அவனும் 2008-இலேயே செத்துவிட்டான் என்று 2011-இல் தெரியவந்தது. ஓல்ட்பீல்டு எந்த ரத்த வகையை நம்பி வீடு கட்டினாரோ அது இவ்வளவுதான்.

சட்கிளிஃப் 2020 நவம்பர் 13-இல் சிறைக் கைதியாகவே செத்தான். அதன் பிறகு அந்தப் போலீசு இலாகா, அக்காலத்தில் செத்த பெண்களைப் பற்றித் தாங்கள் பேசிய சொற்களுக்காக அவர்கள் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டது. தானாகக் கேட்கவில்லை. முதலில் செத்தாளே நான்கு குழந்தைகளின் தாய், அவள் மகன் பல காலமாகக் கேட்டுக் கொண்டிருந்தான். தாய் சாகும்போது அவனுக்கு ஐந்து வயது.

நேரமாகிவிட்டது. சென்ற வாரம் கேள்வி கேட்ட நண்பர் பின் வரிசையில் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. அவர் மறுப்பதற்கு ஏதாவது இருந்தால் மேடைக்கே வந்து சொல்லும்படி கேட்டுக் கொள்ளுகிறோம். நாம் சொன்னோம் என்பதற்காக ஒப்புக் கொண்டுவிட வேண்டாம்.